ஸ்பானிஷ் படிக்க இங்கிலீஷ் எதற்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஸ்பானிஷ் பாடம் இல்லை. பாதி புலம்பல், பாதி சண்டை. நடுவில் கொஞ்சம் இலக்கணம் வரும். இலக்கணம் என்றாலே தூக்கம் வருகிறவர்கள் எழுந்து போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வரலாம்.

சண்டை இதைப் பற்றித்தான். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் என்று நம் ஏரியாவில் யார் எந்த வெளிநாட்டு மொழி படிக்கப் போனாலும், அதை இங்கிலீஷ் வழியாகத்தான் படிக்க வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. கொரியன் படிக்கவும் இங்கிலீஷ், ஜப்பானீஸ் படிக்கவும் இங்கிலீஷ், ஸ்பானிஷ் படிக்கவும் இங்கிலீஷ். இங்கிலீஷ் தகராறு என்றால், "முதல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் முடிச்சுட்டு வாப்பா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்தச் சட்டம் முட்டாள்தனமானது என்பது என் கட்சி. ஸ்பானிஷ் வினைச்சொல் விஷயத்தில் முட்டாள்தனம் மட்டுமல்ல, அநியாயமும்கூட.

"ஒரகடத்துக்கும் ஸ்பானிஷுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே கடை போர்டில் கொரிய எழுத்தைப் பார்க்கலாம், ஸ்பானிஷைப் பார்க்க முடியாது. ஆனால் நம்மூர் வண்டிகள் போகிற இடத்தைப் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்ததே, அந்தக் குடும்பத்து வண்டிதான் 2000-களில் மெக்சிகோவில் 'டாட்ஜ் ஆட்டோஸ்' என்ற பெயரில் ஓடியது. 2010-ல் ஒரகடத்தில் திறந்த ரெனோ-நிஸான் ஆலையில் செய்கிற மேக்னைட், 2025-ல் இடது பக்க ஸ்டியரிங்கோடு லத்தீன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறத் தொடங்கியது. ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சி மொழி. ஸ்பானிஷ் தெரிந்தால் நாளைக்கே வேலை என்று நான் கதை விடவில்லை. ஆனால் அந்த ஊர் டீலரிடமிருந்து வருகிற ஒரு மெயிலைப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் சம்பளத்தில் எவ்வளவு தூரம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்பானிஷ் படிக்கப் போகிற எவரும் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்கிற சுவர், வினைத்திரிபு அட்டவணை. 'அப்லார்' என்றால் பேசுதல். நிகழ்காலத்தில் இப்படித் திரியும். (அழுத்தம் விழுகிற உயிரை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

ஆப்லொ – பேசுகிறேன்
ஆப்லஸ் – பேசுகிறாய்
ஆப்ல – பேசுகிறான், பேசுகிறாள்
அப்லாமொஸ் – பேசுகிறோம்
அப்லாயிஸ் – பேசுகிறீர்கள் (பலரிடம்; ஸ்பெயினில் மட்டும்)
ஆப்லன் – பேசுகிறார்கள்

இப்போது இங்கிலீஷைப் பாருங்கள். ஐ ஸ்பீக், யூ ஸ்பீக், வி ஸ்பீக், தே ஸ்பீக். 'ஹி' வந்தால் மட்டும் ஒரு 'ஸ்' ஒட்டும். இறந்தகாலம் போனால் அதுவும் இல்லை, எல்லோருக்கும் 'ஸ்போக்'தான். அதனால்தான் இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய ஸ்பானிஷ் புத்தகங்கள், ஆளுக்கேற்ப வினையின் வால் மாறும் என்பதைப் பெரிய ஆச்சரியம் மாதிரி விளக்குகின்றன. வால் மாறுவதால் 'நான்', 'நீ' என்பதைச் சொல்லாமலே விடலாம் என்பது அடுத்த ஆச்சரியம். இங்கிலாந்துக்காரனுக்கு அது ஆச்சரியம்தான், பாவம். ஆனால் அதே பக்கத்தை அப்படியே கொண்டுவந்து, 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் ஆளையும் காலத்தையும் சொல்கிற தமிழனிடம் நீட்டுவது என்ன நியாயம்?

பத்தாம் வகுப்பில் 'பகுபத உறுப்பிலக்கணம்' எழுதியது ஞாபகம் இருக்கிறதா? பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் தூக்கிப் போட்டோமே, அதேதான். பேசுவோம் = பேசு + வ் + ஓம். பகுதி, எதிர்கால இடைநிலை, தன்மைப் பன்மை விகுதி. இப்போது ஸ்பானிஷ். 'அப்லரேமொஸ்' என்றால் பேசுவோம். அப்லர் + ஏ + மொஸ். 'அப்லாபமொஸ்' என்றால் பேசிக்கொண்டிருந்தோம். அப்ல் + ஆப + மொஸ். முதலில் சொல், நடுவில் காலம், கடைசியில் ஆள். அதே வரிசை! 'மொஸ்' வந்தால் 'ஓம்'. கடைசியில் 'ஸ்' மட்டும் வந்தால் 'ஆய்'. 'ன்' வந்தால் 'ஆர்கள்'. (உடனே ஸ்பானிஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது லத்தீனிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே மாதிரி கட்டிய வீடு, அவ்வளவுதான்; ஒரே கொத்தனார் இல்லை.)

அட்டவணையும் பயப்படுகிற அளவுக்குப் பெரிசு இல்லை. ஒழுங்கான வினைகள் மூன்றே கூட்டம். 'ஆர்' என முடிவது (அப்லார், பேசு), 'ஏர்' என முடிவது (கொமேர், சாப்பிடு), 'ஈர்' என முடிவது (விவீர், வாழ்). இதில் பின்னிரண்டு கூட்டத்துக்கும் இறந்தகால வால்கள் ஒன்றேதான்: கொமீ (சாப்பிட்டேன்), விவீ (வாழ்ந்தேன்). எதிர்காலத்தில் மூன்று கூட்டத்துக்கும் ஒரே வால்: அப்லரே, கொமெரே, விவிரே. தமிழில் இறந்தகாலத்துக்கு மட்டும் த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை. படித்தேன், உண்டேன், தின்றேன், பேசினேன். எந்தச் சொல்லுக்கு எது என்று யாரும் சொல்லித்தராமலே நாலு வயசுக் குழந்தை தப்பில்லாமல் பேசுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து டிப்ளமோ முடித்த பிறகு, "உனக்கு கிராமர் வராது" என்கிறார்கள்!

இன்னும் இரண்டு இடம் காட்டுகிறேன்.

ஒன்று, மரியாதை. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். உஸ்தேத் சொன்னால் வினை 'அவன், அவள்' உருவத்துக்குப் போய்விடும். யாரிடம் எதைச் சொல்வது என்பதற்கு 'யூ' ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவனுக்கு நீண்ட விளக்கம் வேண்டும். நமக்கு வேண்டாம். சூப்பர்வைசரிடம் 'நீ' என்று சொல்லிப் பார்த்தவனுக்கு அது ஒரு நாளில் புரிந்திருக்கும் :) இன்னொன்று: லத்தீன் அமெரிக்காவில் பலரிடம் பேச 'உஸ்தேதெஸ்' என்று சொல்லி 'ஆப்லன்' போட்டால் போதும். மெக்சிகோக்காரனிடம் பேசப்போகிறவன் 'அப்லாயிஸ்' வரிசைக்காகத் தூக்கம் கெடத் தேவையில்லை.

இரண்டு, ஸ்பானிஷில் எல்லோரும் பயப்படுகிற இடம்: இரண்டு இறந்தகாலங்கள். 'அப்லே' என்றால் பேசினேன். நடந்து முடிந்த காரியம். 'அப்லாப' என்றால் அந்தக் காலத்தில் வழக்கமாகப் பேசுவேன், அல்லது அப்போது பேசிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் 'ஐ ஸ்போக்' என்பது முதலாவதற்கும் வரும், பல நேரம் இரண்டாவதற்கும் வரும். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். தமிழில்? "நேற்று தாத்தா ஒரு கதை சொன்னார்." "சின்ன வயசில் தாத்தா தினமும் கதை சொல்வார்." ஒன்று 'சொன்னார்', மற்றொன்று 'சொல்வார்'. இந்த வித்தியாசம் நம் காதிலேயே இருக்கிறது. எதிர்கால உருவத்தை வைத்துப் பழைய வழக்கத்தைச் சொல்கிறோம் என்பதை மட்டும் ஆசிரியர் ஒரு தடவை சுட்டிக்காட்டிவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்றும் சொல்லமாட்டேன். 'அப்லே' மாதிரி இடங்களில் காலமும் ஆளும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும், பிரிக்க வராது. 'பேசப் போகிறேன்' என்பதற்கு 'வோய் அ அப்லார்' என்று 'போ' வினையே வருவது அழகு. ஆனால் இங்கிலீஷிலும் 'கோயிங் டு' இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் அழுத்தம். 'ஆப்லொ' என்றால் பேசுகிறேன், 'அப்லோ' என்றால் பேசினான். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே எழுத்துகள். கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். நம் பேச்சில் இப்படி அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் அந்தக் கோடு கண்ணில் படாமல் போகும். அதனால்தான் மேலே குறில் நெடில் தந்திரம் செய்தேன். ஸ்பானிஷில் நெடில் கிடையாது, இழுக்காமல் அழுத்த வேண்டும். ஆனால் 'படம்', 'பாடம்' வித்தியாசம் தெரிந்த காதுக்கு, எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்ட இது போதும்.

இவ்வளவும் கையில் இருக்க, நடப்பது என்ன? எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பு (பெயர் வேண்டாம்). ஐ.டி.ஐ. முடித்து ஷிப்டில் வேலை பார்க்கிற ஒரு பையன், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்காருவான். 'அப்லாப'வுக்கும் 'அப்லே'வுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழில் கேட்டான். "இங்கிலீஷில் கேளுங்கள்" என்று பதில். அவன் கேட்கவே இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து வரவும் இல்லை. கட்டிய பணம் போச்சு. அவன் ஸ்பானிஷில் தோற்றான் என்று அந்த வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும். அவன் தோற்றது இங்கிலீஷில். ஸ்பானிஷை அவன் இன்னும் தொடவே இல்லை.

இதற்கு என்னென்ன பதில் வரும் என்று தெரியும்.

"புத்தகமெல்லாம் இங்கிலீஷில்தானே இருக்கிறது?" இருக்கட்டும். புத்தகம் இங்கிலீஷில் இருந்தால் வாயும் இங்கிலீஷில் இருக்க வேண்டுமா? இரண்டு பக்கத் தமிழ் அட்டவணை ஒன்றை ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

"வகுப்பில் தெலுங்கு, இந்திக்காரர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் வினையின் வால் மாறத்தான் செய்கிறது. அந்த அறையில் வால் மாறாத மொழி ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் பொது மொழியாக வைத்திருக்கிறோம்.

"எப்படியும் இங்கிலீஷ் வேண்டுமே?" வேண்டும், மறுக்கவில்லை. தனியாகப் படிக்கட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவனிடம் முதலில் லாரி லைசென்ஸ் வாங்கி வா என்று சொல்வதில்லையே.

"பகுபத உறுப்பிலக்கணமா, அது ஸ்பானிஷைவிடக் கஷ்டம்!" இதுதான் உண்மையில் வலிக்கிற பதில். நம் மொழியின் இலக்கணத்தை மார்க்குக்காக மட்டும் படித்ததால் வந்த வினை. அது ஒரு கருவி, இன்னொரு மொழியைப் பிரித்துப் பார்க்க உதவும் ஸ்பேனர் என்று பள்ளியில் யாராவது சொன்னார்களா?

ஒரு பழைய கதை சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1546-ல் இந்தியா வந்த ஹென்ரீக் ஹென்ரீக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார், தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைக் கரையில் தங்கித் தமிழ் படித்தார். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டாரே, அவர்தான். அதற்கு முன்பே, 1549 வாக்கில், தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். எந்த மொழியில்? தன் சொந்தப் போர்த்துக்கீசியத்தில். தனக்குத் தெரிந்த லத்தீன், போர்த்துக்கீசிய இலக்கணச் சட்டகத்தில் நம் வினைகளைக் காலம் காலமாக, ஆள் ஆளாக அடுக்கினார். எல்லாம் அதில் சரியாகப் பொருந்தவில்லைதான். ஆனால் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் வழி என்பது அவருக்குப் புரிந்திருந்தது. போர்த்துக்கீசியம் ஸ்பானிஷுக்கு உடன்பிறந்த மொழி. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மொழியில் நின்றுகொண்டு நம் வினையைப் பிடித்து ஏறக்குறைய 475 வருஷம் ஆகிறது. நாம் மட்டும் நம் மொழியில் நின்றுகொண்டு அவர்கள் வினையைப் பிடிக்கக்கூடாதா?

நான் கேட்பது மூன்றே விஷயம். மொழி வகுப்பில் சேர ஸ்போக்கன் இங்கிலீஷை நுழைவுச் சீட்டாக்காதீர்கள். சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். வினை அட்டவணையில் இங்கிலீஷ் பத்திக்குப் பக்கத்தில் தமிழ்ப் பத்தி ஒன்றையும் சேருங்கள். படிக்கிற நண்பர்களுக்கு ஒன்று: யாரும் தரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்லார், கொமேர், விவீர் மூன்றையும் இன்று ராத்திரியே பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதெல்லாம் தப்பு என்று நினைக்கிறவர்கள் வாருங்கள், எந்த மொழியிலும் திட்டலாம். அப்லரேமொஸ். பேசுவோம்.