ஆண்டவன் பெயரால் ஆணையா, உளமார உறுதியா?

"கடவுளை மறுத்தால் கட்டுப்பாடு போகும்! மதத்தை விட்டால் மானம் போகும்! கோயில் மணி ஓய்ந்தால் கொலையும் கொள்ளையும் கோலோச்சும்!" இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. திருவிழா மேடையிலே கேட்கிறோம். திண்ணைப் பேச்சிலே கேட்கிறோம். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலேகூடக் கேட்கிறோம். "பிள்ளைகளிடம் ஒழுக்கம் குறைந்துவிட்டது, ஐயா! பக்தி குறைந்ததுதான் காரணம்" என்று பெருமூச்செறிவோர் ஒருபுறம். "நீங்கள் நாத்திகம் பேசுவது இருக்கட்டும், நாளைக்கு உங்கள் பேச்சைக் கேட்டுப் பையன் திருடினால் யார் பொறுப்பு?" என்று விரல் நீட்டுவோர் மறுபுறம்.

கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தை இன்று ஒருபுறம் ஒதுக்கி வைப்போம். உண்டு என்போர் உண்டென்றே இருக்கட்டும். நாம் இன்று ஆராய எடுத்துக்கொள்வது ஒரே கேள்வி: மதம் இல்லாத மனிதன் நல்லவனாக வாழ இயலாதா? அவன் சொல் நம்பத்தக்கதன்றா?

இந்தக் கேள்வி ஏட்டில் மட்டும் எழுந்த கேள்வியன்று. ஒரு நாடு இதைச் சட்டமாக்கிப் பார்த்தது. வழக்கு மன்றத்திலே வைத்து எடை போட்டது. நாடாளுமன்றத்திலே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. அந்த நாடு இங்கிலாந்து. அங்கே நடந்ததை அறிந்தால், நம்மை நோக்கி விரல் நீட்டுவோருக்கு விடை தானே கிடைக்கும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி. இங்கிலாந்தின் வழக்கு மன்றங்களிலே சாட்சி சொல்ல வருபவன் வேதநூலின்மீது ஆணையிட வேண்டும். கடவுளிடத்திலும் மறுமையிலும் நம்பிக்கை இல்லையென்றால் அவன் சாட்சியம் செல்லாது. ஏன்? நரகத்துக்கு அஞ்சாதவன் பொய்தானே சொல்வான் என்பது சட்டத்தின் வாதம்! 1857 ஆம் ஆண்டு இலண்டனில் ஒருவர், தம் பொருளைக் களவாடிய திருடன்மீது வழக்குத் தொடுக்க வந்தார். அயல்நாட்டார் அவர். "கடவுள் நம்பிக்கை உண்டா?" என்று கேட்டனர். "இல்லை" என்றார். அவ்வளவுதான்! அவருக்கு நீதி மறுக்கப்பட்டது. பொருளைப் பறிகொடுத்தவன் வாய் பூட்டப்பட்டது, பறித்தவன் பிழைத்தான். கடவுளின் பெயரால் காப்பாற்றப்பட்டவன் யார், தோழர்களே? கள்வன்!

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற பேரறிஞர் 1859 இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்ற நூலிலே இந்தக் கேட்டைச் சுட்டிக்காட்டி, இந்த விதி தன்னைத் தானே குத்திக்கொள்ளும் கத்தி என்பதை விளக்கினார். எண்ணிப் பாருங்கள். கூண்டிலே இரண்டு நாத்திகர் ஏறுகின்றனர். ஒருவன் பொய்யன், "நம்புகிறேன்" என்று கூசாமல் கூறுகிறான். அவன் சாட்சியம் ஏற்கப்படுகிறது. மற்றவன் மெய்யன்; ஊர் ஏசினாலும், வழக்குத் தோற்றாலும், "நான் நம்பவில்லை" என்று உண்மையை உரைக்கிறான். "நீ பொய்யன், போ!" என்று அவனை விரட்டுகிறது மன்றம். பொய் சொல்பவனுக்கு நுழைவுச் சீட்டு. மெய் சொல்பவனுக்குக் கதவடைப்பு! உண்மையைக் காக்க வந்த விதி உண்மையையே கழுத்தறுத்த விந்தையைக் கண்டீர்களா? 1869 இல்தான் சட்டம் திருத்தப்பட்டது; கடவுளை நம்பாதவரும் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என்றாயிற்று.

இனி நாடாளுமன்றத்துக்கு வருவோம். அங்கே நம் கண்முன் நிற்பவர் சார்லஸ் பிராட்லா.

1833 இல் இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். வழக்கறிஞர் அலுவலக எழுத்தரின் மகன். பதினாறு வயதுகூட நிரம்பாத பருவத்திலேயே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கிறித்துவ மதம் கற்பிக்கும் பணியில் இருந்தார். நற்செய்தி நூல்கள் நான்கையும் ஒப்பிட்டுப் படித்தார். ஒன்றுக்கொன்று முரண்பாடு கண்டார். அந்த ஐயத்தைப் பாதிரியாருக்கு எழுதிக் கேட்டார். ஐயத்துக்குப் பரிசு பணியிடை நீக்கம்! வீட்டையும் விட்டு வெளியேறினார். வாய்மூடி இருந்திருந்தால் வாழ்வு வளமாயிருக்கும். மூடவில்லை. 1866 இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார்.

1880 இல் நார்த்தாம்டன் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அவையிலே நுழைய ஆண்டவன் பெயரால் ஆணையிட வேண்டும். "ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறுகிறேன்" என்றார் பிராட்லா. கூடாது என்றது குழு. "அப்படியானால் ஆணையையே எடுக்கிறேன், அந்தச் சொற்களில் எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் என் கடமை என்னைக் கட்டும்" என்று முன்வந்தார். அதுவும் கூடாது என்றது அவை. விலக மறுத்தவரை 1880 ஜூன் 23 அன்று நாடாளுமன்ற மணிக்கூண்டுக் கோபுரத்திலேயே அடைத்து வைத்தனர்! 1881 ஆகஸ்டில் மீண்டும் நுழைய முயன்றபோது காவலர்கள் அவரைப் பிடித்திழுத்து வெளியே தள்ளினர்.

மக்கள் என்ன செய்தனர்? 1881 இல் மீண்டும் அனுப்பினர். 1882 இல் அனுப்பினர். 1884 இல் அனுப்பினர். 1885 பொதுத்தேர்தலிலும் அனுப்பினர். மனச்சான்றுக்கு மாறாக ஒரு முணுமுணுப்பைச் சத்தமின்றி முணுமுணுத்திருந்தால் முதல் நாளே இருக்கை கிடைத்திருக்கும். அந்த எளிய பொய்யைச் சொல்ல மறுத்ததற்காக ஆறாண்டு அலைக்கழிக்கப்பட்டவரைப் பார்த்துத்தான், "இவனுக்கு ஒழுக்கம் ஏது?" என்று கேட்டனர் ஆணையிட்டு அமர்ந்திருந்த கனவான்கள்!

ஒன்றை மறைக்காமல் கூறுவோம். அந்நாளில் தலைமை அமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் ஆழ்ந்த மதப்பற்றாளர். அவரே 1883 இல் பிராட்லாவுக்கு வழிதிறக்கும் சட்ட முன்வடிவை ஆதரித்து வாதாடினார். மூன்றே வாக்குகளில் அது தோற்றது. மதவாதி ஒருவர் நாத்திகனின் உரிமைக்காக நின்றார். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அவரை அவ்வாறு நிற்க வைத்தது எது? அவருடைய அதே மதத்தைச் சேர்ந்த மற்றவர்கள் எதிர்த்து வாக்களித்தார்களே! மதம் இரு பக்கமும் இருந்தது. நியாயம் ஒரு பக்கந்தான் இருந்தது.

1886 இல் பிராட்லா அவையில் அமர்ந்தார். 1888 இல் அவரது முயற்சியால், கடவுளை நம்பாதவர் எங்கும் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டம் வந்தது. இந்தியாவின் குறைகளை அந்த அவையில் எடுத்துரைத்து, 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே பெயர் பெற்றார். 1889 இல் பம்பாய்க் காங்கிரசுக்கும் வந்தார். 1891 சனவரியில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவரை விலக்கிய பழைய தீர்மானத்தைத் தன் ஏட்டிலிருந்து நீக்கியது அவை. அச்செய்தியை அறியாமலே கண் மூடினார். அவரது இறுதிச் சடங்கிலே கலந்துகொண்ட இந்தியர்களுள் ஒருவர், இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் காந்தி. இராமனைப் போற்றிய காந்திக்குத் தெரிந்தது, இங்கே ஆண்டவனைக் காட்டி மிரட்டுவோருக்கு இன்னும் தெரியவில்லை!

ஒழுக்கத்தின் பெயரால் தாயிடமிருந்து குழந்தையையும் பறித்தனர் அந்நாளில். பிராட்லாவோடு பணியாற்றிய அன்னி பெசன்ட் அம்மையார், பிற்காலத்தில் நம் அடையாற்றிலே பிரம்மஞான சபைக்குத் தலைவியாக அமர்ந்தவர், அன்று நாத்திகர். மகளுக்கு மதக் கல்வி தர மறுத்தார், கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டார் என்ற காரணங்களைக் காட்டி, 1878 இல் வழக்கு மன்றம் அந்தச் சிறுமியை அவரிடமிருந்து பிரித்தது. தாயின் அன்பை எடைபோட மதம் என்ற படிக்கல்! வளர்ந்த பின் அந்த மகள் தாயிடமே திரும்பி வந்தாள். எந்த வேதநூல் அவளுக்கு வழிகாட்டியது?

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு வாதத்துக்கு வருவோம்.

"அச்சம் இல்லையேல் அறம் இல்லை" என்கின்றனர். எண்ணெய்க் கொப்பரைக்கு அஞ்சித் திருடாதிருப்பவனைப் பார்த்து, "நல்லவன்" என்போமா, "அஞ்சுகிறவன்" என்போமா? காவலர் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பவனிடம் கடையை ஒப்படைப்பீர்களா? அதோடு, அந்தக் காவலரையும் கையூட்டால் சரிக்கட்டலாம் என்ற வழியையும் மதமே காட்டிவிடுகிறதே! ஆண்டு முழுவதும் எடையிலே ஏமாற்றியவன் உண்டியலில் ஒரு பங்கைப் போடுகிறான். கணக்கு நேராகிவிட்டதாகக் களிக்கிறான். ஏமாந்த ஏழைக்கு இழந்தது திரும்பியதா? பாவம் செய்தது மனிதனுக்கு. மன்னிப்புக் கேட்பது ஆண்டவனிடம்! அடிபட்டவனிடம் கேட்காமல் அடுத்த வீட்டுக்காரனிடம் மன்னிப்புக் கேட்பது போன்ற வேடிக்கை இது.

"நன்மை எது, தீமை எது என்று மதநூல்தானே சொல்கிறது?" என்பர். அப்படியா? மனைவியைக் கணவனின் சிதையில் ஏற்றும் கொடுமை 1829 இல் வங்கத்திலே தடுக்கப்பட்டபோது, "மதம் போயிற்று!" என்று இலண்டன்வரை முறையிட்டவர்கள் வைதிகர்கள். 1832 இல் அந்த முறையீடு தள்ளுபடியானது. 1891 இல் சிறுமிகளின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக, ஆம், வெறும் பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தையும் மதத்தின் பெயரால்தான் எதிர்த்தனர். நமது சென்னை மாநிலத்திலே பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் இழிவு 1947 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அதற்காகப் போராடத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து! இன்று எந்த ஆத்திகரையேனும் கேளுங்கள்: "சிதையேற்றுவது அறமா?" "சீச்சீ!" என்பார். அந்தச் "சீச்சீ" எங்கிருந்து வந்தது? நூலிலிருந்தன்று, நூலையே எடைபோடும் நெஞ்சிலிருந்து வந்தது. மதநூலில் இதைக் கொள், இதைத் தள் என்று பிரித்துக் காட்டும் முறம் மனிதன் கையில் இருக்கிறது. முறம் நெல்லிலிருந்து முளைப்பதில்லை.

நம் வள்ளுவர் கடவுள் வாழ்த்துப் பாடவில்லையா என்று வினவுவோர் உண்டு. முதல் அதிகாரம் அதுவே, மறுக்கவில்லை. ஆனால் வாய்மை பற்றிய அதிகாரத்துக்கு வாருங்கள். பொய் சொன்னால் நரகம் என்றா அச்சுறுத்துகிறார்? பிறர்க்குத் தீங்கு விளையாத சொல்லை வாய்மை என வரையறுத்து, அறிந்தே பொய்த்தவனை அவன் நெஞ்சே சுடும் என்கிறார். சாட்சியும் நெஞ்சு, தண்டனை தருவதும் நெஞ்சு. 1857 இன் இலண்டன் மன்றத்துக்கு எட்டாத தெளிவு அது.

எதிர்வாதம் இரண்டு உண்டு. அவற்றை விட்டு ஓடமாட்டோம். முதலாவது: "மதப்பற்றுள்ள நல்லவர்கள் இல்லையா?" உண்டு, நிரம்ப உண்டு. தொழுநோயாளியின் புண்ணைக் கழுவிய துறவிகளை நாம் வணங்காவிட்டாலும் வாழ்த்துகிறோம். மதம் உள்ளவன் நல்லவனாக இருக்க முடியாது என்பது நம் வாதமன்று. மதம் இல்லாதவன் நல்லவனாக இருக்க முடியாது என்ற பழியே பொய் என்கிறோம்.

இரண்டாவது: "கடவுளை மறுத்த ஸ்டாலின் ஆட்சியில் இலட்சக்கணக்கானோர் மாண்டனரே!" மாண்டனர், மறைக்கமாட்டோம். கடவுளை மறுத்தால் மட்டும் ஒருவன் உத்தமன் ஆகிவிடுவதில்லை. கேள்வி கேட்கும் உரிமையைப் பறித்து, காலியான பீடத்தில் ஒரு மனிதனை ஏற்றி வைத்தால் அங்கேயும் பலி விழும். பீடத்தையே அகற்ற வேண்டும் என்பதுதான் பகுத்தறிவு. டென்மார்க்கையும் சுவீடனையும் பாருங்கள். வாரந்தோறும் மாதாகோயிலுக்குச் செல்வோர் அங்கே மிகச் சிலர். ஆயினும் ஆண்டுக்கு நடக்கும் கொலைகள் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில்தான். நாத்திகமே இதற்குக் காரணம் என்று நாம் முழங்கமாட்டோம். நல்ல கல்வி, நேர்மையான நிர்வாகம், நோயிலும் முதுமையிலும் கைவிடாத அரசு ஆகியவை பெருங்காரணங்கள். ஆனால், "மணி ஓய்ந்தால் கொலை பெருகும்" என்ற பயமுறுத்தல் மட்டும் அங்கே பொய்த்துப் போயிற்று.

அப்படியானால் ஒழுக்கம் எங்கே பிறக்கிறது? கூடி வாழ்வதிலே பிறக்கிறது. வகுப்பறையிலே பாருங்கள். பக்கத்துப் பையனின் பென்சிலை எடுத்த சிறுவனிடம், "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிப் பார்க்கலாம். இரண்டு நாள் கண் கெடாதிருந்தால் அவன் மூன்றாம் நாள் பேனாவை எடுப்பான். "உன் பென்சிலை இப்படி ஒருவன் எடுத்தால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். அவன் தலை குனியும். அந்தக் கேள்வி அவனோடு வளரும். அவன் கடைக்காரனானால் தராசருகே நிற்கும். அதிகாரியானால் கையெழுத்திடும் விரலைப் பிடிக்கும்.

இளந்தோழர்களே! நம்மீது ஒரு பொறுப்பு உண்டு. நாத்திகன் கடன் வாங்கித் தராவிட்டால், "பார்த்தாயா, கடவுள் இல்லாதவன்!" என்று ஊர் பேசும்; ஆத்திகன் அதையே செய்தால் அவன் பெயரை மட்டும் சொல்லும். நியாயமற்றதுதான், ஆயினும் இதற்கு விடை நம் நடத்தையில் இருக்கிறது. மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடிவிட்டு, வீட்டிலே வரதட்சணைப் பேரம் பேசுபவன் நம் எதிரிகளின் சிறந்த பிரச்சாரகன். சாதி மறுத்து மணந்து, சொன்ன சொல் காத்து, பொதுப்பணத்தில் ஒரு காசும் தொடாமல் வாழ்பவன் பேசாமலே நம் கொள்கையைப் பேசுகிறான்.

1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் பதவியேற்போருக்கு இரு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். பிராட்லா ஆறாண்டு போராடிப் பெற்ற உரிமை, நமக்குச் சட்டத்தின் வரியாகவே கிடைத்திருக்கிறது. ஆண்டவனைச் சாட்சிக்கு அழைப்போர் அழைக்கட்டும். உள்ளத்தைச் சாட்சிக்கு அழைப்பவர் நாம். ஆண்டவன் சாட்சிக்கூண்டில் ஏறியதாக இதுவரை எந்த வழக்கிலும் பதிவில்லை. உள்ளமோ இரவில் விளக்கணைத்த பிறகும் நம்மை விசாரணைக்கு அழைக்கிறது. அந்த மன்றத்திலே தலை நிமிர்ந்து நிற்கும் வாழ்வே நம் விடை!