ஒரு ஆள் தூக்குற மோட்டார் வேண்டும்

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளையும் விளைவது எல்லாம் சரிவில்தான். ஓடைத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். வண்டி போகாத இடத்துக்கு அந்த இரும்புக் குண்டைத் தூக்கிப் போவது யார்?

மோட்டாரையும் பம்பையும் ஒரே தண்டில் கோர்ப்பது கோவைக்காரர்களுக்குப் பழகிய வேலை. மோனோபிளாக் என்பது அதுதானே. விமானத்திலும் அதே கதைதான், ஆனால் அங்கே கிராம் கணக்கு. 2007-ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ380-ல், இறக்கையின் அசையும் பாகங்களை இயக்கும் சில கருவிகளுக்குள்ளேயே மோட்டார், பம்பு, எண்ணெய் மூன்றும் அடக்கம். அதனால் வழக்கமான மூன்று ஹைட்ராலிக் குழாய்த் தொகுதிகளுக்குப் பதில் இரண்டே போதும் என்றானது.

சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. நம்ம லைன் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக ஓடும் சாதா மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தொடாது. விமானங்களில் வழக்கமாக 400 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட 24000 சுற்று வரை போகலாம். வேகம் கூடினால் அதே குதிரைசக்திக்குச் சின்ன மோட்டார் போதும். (சூடும் சத்தமும் கூடவே வரும், ஓசியில் எதுவும் கிடையாது!)

வேகத்தைக் கூட்டும் டிரைவ் இன்று கடையிலேயே கிடைக்கிறது. விலை எகிறிவிடும் என்பார்கள். ரிப்பேரானால் நாலு ஆள் வைத்து இறக்கி ஏற்றும் கூலி எந்த விலைப்பட்டியலில் இருக்கிறது? கோவைக் கம்பெனிகள் ஒன்றைச் செய்து மன்னவனூரில் விற்றுப் பார்க்கட்டுமே.