அருவியை மட்டும் பார்த்துட்டு வராதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. நம்ம வகுப்பு ஆட்களுக்குக் கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கு, அதனால் பாதியில் ஓடிடாதீங்க :-)

எங்க பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, கம்பெனி செலவில் தாய்லாந்து போயிட்டு வந்தார். போட்டோ எல்லாம் காட்டினார். எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் கையில் சின்னக் கொடியோடு ஒரு கைடு முன்னால் நடந்துகொண்டிருக்கிறார். "எங்க போனாலும் கைடுதான்டா. பத்து நிமிஷம் கூட நின்னா வாட்ச்சைக் காட்டறாங்க" என்று அலுத்துக்கொண்டார். "நம்ம ஊர்ல அந்தத் தொல்லை இல்லண்ணா, பைக்கை எடுத்தமா, கல்வராயன் மலை ஏறினமா, அருவியில குளிச்சமா, வந்தமா" என்று நானும் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காணாமல் போனது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என்னோடு பி.காம் படிக்கும் நண்பன் ஒருவனுக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முதல் வருஷம் அவன் ஊரைச் சொன்னதுமே வகுப்பில் ஒருத்தன் அவனுக்கு "ஊறல்" என்று பட்டப்பெயர் வைத்தான். சாராய ஊறல். மூணு வருஷமாக அதுதான் அவன் பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், நானும் சிரித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். "ஊருக்குப் போறேன், வர்றியா, சுத்திக் காட்டறேன்" என்றான். வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த மலைக்கா? அங்க எதுக்குடா?" கள்ளக்குறிச்சியில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைக்குத்தான் இந்தக் கேள்வி.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை ஆரம்பம். வழியிலேயே பெரியார் நீர்வீழ்ச்சி. நான் அதற்கு முன் மூன்று தடவை அங்கே போயிருக்கிறேன். மூன்று தடவையும் குளித்தேன், போட்டோ எடுத்தேன், திரும்பினேன். அதற்கு மேலே ஊர்கள் இருக்கின்றன, அங்கே நம்மை மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு தகவலாகத் தெரியுமே தவிர, போய்ப் பார்க்கணும் என்று தோன்றியதில்லை.

இந்தத் தடவை நண்பனின் பெரியப்பா எங்களோடு வந்தார். நானும் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். அவர் காட்டியதில் பாதி, நான் ஏற்கெனவே பார்த்த இடங்கள்தான், ஆனால் பார்க்காத விஷயங்கள். சாலையோரம் நிற்கும் மரத்தைக் காட்டி, "இது கடுக்கா தம்பி. தோல் பதனிடறவங்களும் நாட்டு மருந்துக்காரங்களும் வாங்கறாங்க. நாங்க பொறுக்கற விலை வேற, கீழ விக்கற விலை வேற" என்றார். நான் மூணு வருஷமாகப் படித்த இடைத்தரகர் பாடம் அந்த ஒரே வரியில் முடிந்துவிட்டது.

இன்னொரு விஷயம். இங்கே இருக்கும் பழங்குடி மக்களுக்கு "மலையாளி" என்று பெயர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர், பேசுவதும் தமிழ்தான். கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன், ஜவ்வாது என்று பக்கத்து மலைகளிலும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பெரியப்பாவும் அதைச் சொன்னார், ஏதோ போன வாரம் நடந்த மாதிரி.

1976 பற்றியும் சொன்னார். இந்த மலை மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாட்டுக்கு 1947-ல் சுதந்திரம். இந்த மலையை அரசு முழுசாகத் தன் கையில் எடுத்தது 1976-ல். நடுவில் 29 வருஷம்! அவருடைய அப்பா ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் வேலை செய்தவராம். இது நம்ம மாவட்டத்துக் கதை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து மாவட்டமானதை மட்டும் பொது அறிவுக் கேள்வியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

மதியத்துக்கு மேல் ஒரு ஓடைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், எங்க வயசுப் பசங்க, பாறை மேல் உட்கார்ந்து கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் காலை நனைத்தோம். அங்கே வெயில்தான் அடித்தது, மழையே இல்லை. பெரியப்பா தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏறுங்க, ஏறுங்க, கரைக்கு வாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், தெளிவாக ஓடிய தண்ணி லேசாகக் கலங்கியிருந்தது. சருகும் நுரையும் மிதந்து வந்தன. மேலே எங்கேயோ கொட்டியிருக்கு என்று அர்த்தமாம்.

அந்தப் பசங்களையும் ஏறச் சொன்னார். அதில் ஒருத்தன் திரும்பி, "யோவ், நீ யாருய்யா சொல்றதுக்கு?" என்றான்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. விடவும் இல்லை, கத்திக்கொண்டே இருந்தார். தண்ணி முட்டிக்கு வந்ததும்தான் அவர்கள் ஏறினார்கள். கால் மணி நேரத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை கண்ணுக்கே தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீ யாரு சொல்றதுக்கு?" என்ற கேள்வி என் மண்டையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆளுக்கு அதைப் பற்றிச் சொல்ல உரிமை இல்லை. கழுத்தில் ஒரு அடையாள அட்டை இருந்திருந்தால் அவன் அப்படிக் கேட்டிருப்பானா? அண்ணன் அலுத்துக்கொண்ட தாய்லாந்தில் கைடு வேலைக்கு உரிமம் வேண்டும். அந்த வேலை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். வாட்ச்சைக் காட்டும் அந்தப் பெண் "கிளம்புங்க" என்றால் அண்ணன் கிளம்புகிறார். நம்ம பெரியப்பா சொன்னால், "நீ யாரு?"

இப்போ வரவு செலவுக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு எழுதாமல் இருந்தால் சாமி கண்ணைக் குத்தும். அன்றைக்கு நான் செலவு செய்தது:

பெட்ரோல், கள்ளக்குறிச்சி பங்க்கில்: 300 ரூபாய்
பிரியாணி பார்சல் இரண்டு, கள்ளக்குறிச்சியில்: 240 ரூபாய்
சிப்ஸ், பிஸ்கட், தண்ணி பாட்டில், மலை ஏறும் முன்: 180 ரூபாய்
மலையில் டீ, போண்டா: 60 ரூபாய்
மொத்தம்: 780 ரூபாய்

மலையைப் பார்க்கத்தான் போனேன். மலையில் தங்கியது 60 ரூபாய். நூற்றுக்கு எட்டு ரூபாய் கூட இல்லை. அந்தப் பிரியாணியையும் நாங்கள் சாப்பிடவில்லை. பெரியம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள், பார்சலை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆக எனக்குச் சோறு போட்ட வீட்டுக்கும், நாள் முழுக்கச் சுற்றிக் காட்டியவருக்கும், வெள்ளத்திலிருந்து கரையேற்றியவருக்கும் என் கணக்கில் விழுந்தது பூஜ்யம்.

கிளம்பும்போது 200 ரூபாய் நீட்டினேன். பெரியப்பா முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளையோட கூட்டாளிகிட்ட காசு வாங்கறதா? போங்க தம்பி" என்றார். நானும் பெருந்தன்மையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு பாக்கெட்டில் வைத்துவிட்டேன். பாதி மலை இறங்கியபின் நண்பன் சொன்னான், "இன்னிக்கு அவருக்கு மரவள்ளி பிடுங்கற கூலி வேலை இருந்துச்சு. உனக்காகத்தான் போகல."

யோசித்துப் பாருங்கள். என் ஒரு நாள் ஊர் சுற்றலுக்கான செலவை, என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பம் ஏற்றிருக்கிறது. "மலை மக்கள் ரொம்ப அன்பானவங்க" என்று டூர் போய்வந்த எல்லாரும் எழுதுகிறோம். அந்த அன்புக்கு ஒரு நாள் கூலி செலவாகிறது, அதை நாம் கொடுப்பதில்லை.

இது வெறும் டூர் சமாச்சாரம் இல்லை. மலையில் வேலை இல்லை என்றால் ஆட்கள் எங்கே போவார்கள்? 2015 ஏப்ரலில் ஆந்திரா சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிகள். 2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உடனே எல்லார் விரலும் மலையைக் காட்டியது. மலையில் ஊறல் போட்டதே இல்லை என்று நான் சொல்லவில்லை, போட்டார்கள். ஆனால் அந்த உயிர்களைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு, மலையில் விளைவதில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, கல்வராயன் மலையில் ரோடு, பள்ளி, மருத்துவம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டது. அவ்வளவு பேர் சாக வேண்டியிருந்தது, அந்தக் கேள்வி கேட்க.

"சுற்றுலா வந்தா மலை குப்பையாகும்டா" என்று சிலர் சொல்வீர்கள். நியாயமான பயம். தாய்லாந்திலேயே உதாரணம் இருக்கிறது. மாயா பே என்ற கடற்கரை கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் நாசமாகி, 2018 ஜூனில் மூடிவிட்டார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், படகு உள்ளே வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. அதைவிட மோசமானது இன்னொன்று. மியான்மரிலிருந்து தப்பி வந்த கயான் இனப் பெண்கள், கழுத்தில் பித்தளை வளையம் போடுகிறவர்கள். அவர்கள் ஊருக்கு டிக்கெட் போட்டு ஆட்களைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். மனிதக் காட்சிசாலை என்று உலகமே திட்டியது. அண்ணன் போனிலும் அந்தப் போட்டோ இருக்கிறது.

அதனால்தான் கைடு வேண்டும் என்கிறேன், அதுவும் அந்த ஊர் ஆளே கைடாக வேண்டும் என்கிறேன். கயான் பெண்கள் காட்சிப் பொருள், பெரியப்பா எனக்குக் காட்டியவர். எங்கே போகலாம், எங்கே கூடாது, எந்த வீட்டைப் போட்டோ எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது அவர்தான். ஒரு இடத்தில் "இது எங்க சாமி இடம், வேணாம்" என்றார், திரும்பிவிட்டோம். மூணு தடவை தனியாக வந்தபோது இப்படி எத்தனை இடத்தில் செருப்போடு ஏறினேனோ தெரியாது.

இது நடக்காத காரியமும் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, அந்தந்தப் பகுதி ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. அதே முறையில் கல்வராயன் மலையின் ஒவ்வொரு அருவிக்கும் பக்கத்து ஊரில் நாலு பேருக்குப் பயிற்சி, ஒரு அட்டை, கூலி இவ்வளவு என்று ஒரு போர்டு. பெரிய பட்ஜெட் எல்லாம் தேவையில்லை. அந்தக் கூலியை அந்த ஊர் கிராம சபையே முடிவு செய்யட்டும்.

அரசு செய்யும்வரை நாம் என்ன செய்வது என்று நண்பனிடமே கேட்டேன். "நீ கடைசியில நீட்டினா அது இனாம், அவர் வாங்க மாட்டார். போன் பண்ணி, நாலு பேர் வர்றோம், ஒரு நாள் கூலி இவ்ளோ, சாப்பாட்டுக்கு இவ்ளோன்னு முன்னாடியே பேசிட்டு வா. அது வேலை. அப்ப வாங்கிப்பார்" என்றான்.

மூணு வருஷம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவனுக்கு அவன் பொறுமையாகச் சொன்ன பதில் இது.

இப்போ அந்த வேண்டுகோள். தை மாசம் ஒரு ஞாயிறு திரும்பப் போகிறோம். பெரியப்பாவிடம் கூலி பேசியாச்சு, பெரியம்மாவிடம் சாப்பாட்டுக்குப் பணம் பேசியாச்சு, சாமைச் சோறுதான். வருகிறவர்கள் நண்பனிடம் பேர் கொடுங்கள். பிரியாணி பார்சல், பாட்டில் இரண்டுக்கும் அனுமதி இல்லை. அவனைக் கூப்பிடும்போது அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நானும் போன வாரத்திலிருந்துதான் பழகிக்கொண்டிருக்கிறேன், ரெண்டு தடவை வாய் தவறிவிட்டது.