ஆசிரியர் பின்னால் நடக்கட்டும்

சாரணர் முகாமில் வரைபடமும் திசைகாட்டியும் பழக்கும் நாளில் பெரியவர்கள் செய்கிற ஒரு காரியத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளின் கையில் டோப்போ ஷீட் என்கிற நிலவரைபடத் தாளைக் கொடுத்துவிட்டு, ஆசிரியரே முன்னால் நடந்துவிடுகிறார். அணி முழுக்க அவர் முதுகைப் பார்த்தபடியே போகிறது. கொடுத்த ஷீட் மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதிப் பள்ளியின் சாரணர் படை அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்பில் சனி, ஞாயிறு முகாம் போடும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். முதல் வேலையாக 100 மீட்டருக்கு டேப் பிடித்து, இரண்டு முனையிலும் குச்சி நட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் நடக்கவிடுவேன். ஒருவனுக்கு அந்தத் தூரம் 130 எட்டு, அடுத்தவனுக்கு 150. அவரவர் எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவர்களுடைய கால்தான் அளவுநாடா.

திசைகாட்டிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரும்பு வாளிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் விலகும், காந்த மூடி போட்ட செல்போன் உறை அருகில் வந்தாலும் விலகும். அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட வாளியை அருகில் கொண்டுவந்து காட்டிவிடுவது நல்லது. ஐரோப்பாவுக்கென்று செய்த திசைகாட்டி ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்திருந்தான். முள்ளின் தெற்கு முனை தாழ்ந்து அடித்தட்டை உரசியது. அங்கெல்லாம் பூமியின் காந்தம் வடக்கு முனையைக் கீழே இழுப்பதால், அதை ஈடுகட்டத் தெற்கு முனையில் எடை ஏற்றியிருப்பார்கள். காந்த நடுக்கோடு நம் மாநிலத்தின் தென்கோடிக்கு அருகில் போகிறது. இங்கே அந்த இழுப்பு சொற்பம் என்பதால், ஏற்றிய எடை தெற்கு முனையைச் சாய்த்துவிடுகிறது. வாங்கும்போது நம் வட்டாரத்துக்குச் சமன் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு கண்மாய்க்கரைக்கு ஏறுவோம். அங்கிருந்து தெற்கே ஆனைமலை தெரியும். அதன் உச்சிக்குப் பேரிங் (வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணம்) எடுத்தால் 195 டிகிரி. அதிலிருந்து 180ஐக் கழித்து, ஷீட்டில் ஆனைமலையிலிருந்து 15 டிகிரிக்குக் கோடு இழுக்க வேண்டும். அழகர்கோவில் கோபுரத்துக்கும் அதேபோல ஒரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில்தான் நாம் நிற்கிறோம். 1:50,000 ஷீட்டில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பென்சில் முனை மழுங்கிக் கோடு ஒரு மில்லிமீட்டர் தடித்தால் 50 மீட்டர் போச்சு. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கத்தில் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம், இந்த நடைக்கு அது பாதகமில்லை. 1802இல் பரங்கிமலை அடிவாரத்தில் லாம்டன் என்ற அளவையாளர் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை வேலையின் மிச்சம் இந்தத் தாளில் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் அதைத் தடவிப் பார்க்கிறார்கள்.

ஷீட்டில் நீலமாக இருக்கிற ஒரு ஊருணி தரையில் சீமைக்கருவேலங்காடாக நிற்கும். "மேப் தப்பா தாத்தா?" என்பார்கள். ஓரத்தில் அச்சிட்டிருக்கிற அளவை ஆண்டைப் பாருங்கள் என்பேன்.

சென்ற முகாமில் ஓர் அணி வண்டிப்பாதை என்று நினைத்து வாய்க்கால் கரையில் இறங்கி, ஒரு பம்ப்செட் கிணற்றடியில் போய் நின்றது. நான் பின்னால்தான் இருந்தேன். "சரியாத்தான் போறோமா தாத்தா?" என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. அணித் தலைவன் ஒன்பதாம் வகுப்பு. ஷீட்டைத் தரையில் விரித்து அதன் வடக்கைத் திசைகாட்டியின் வடக்கோடு பொருத்தினான். வாய்க்கால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தான். "பாலத்துக்குத் திரும்பிப் போகலாம், அங்க நிக்கும்போது இடம் நமக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றான். தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போவதை நான் பாடமாக நடத்தியிருந்தால் அன்றிரவே மறந்திருப்பார்கள்.

1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்தியபோதே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத்தான் தலைவனாக்கினார். அணி முறையின் உயிரே அதுதான். பெரியவர் முன்னால் நடந்தால் அணித் தலைவன் என்ற பதவிக்கே வேலை இல்லை.

தலைமையாசிரியர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஒரு பக்கம் தார்ச்சாலை, மறுபக்கம் பெரிய வாய்க்கால் என்று தாண்டக்கூடாத எல்லையை முதலிலேயே ஷீட்டில் சிவப்பு மையால் வரையலாம். அணிக்கொரு விசில், தண்ணீர், திரும்ப வேண்டிய நேரம் கொடுக்கலாம். திறந்த கிணறுகளை முந்தைய நாளே நடந்து பார்த்துக் குறித்துவிடலாம். அனுமதி இல்லாமல் மலைக்காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. இவ்வளவும் செய்த பிறகு ஆசிரியர் ஐம்பது எட்டு பின்தங்கி, வாயை மூடிக்கொண்டு நடந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாரணியர் முகாம்களில் வரைபடப் பயிற்சியைப் பள்ளி மைதானத்துக்குள்ளேயே முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கொடிக்கம்பத்திலிருந்து குடிநீர்த் தொட்டிக்குப் பேரிங் எடுப்பார்கள். கண்ணுக்கெதிரே தெரிகிற தொட்டிக்குப் போக யாருக்கு வரைபடம் வேண்டும்? எல்லையையும் பின்னால் நடக்கும் ஆசிரியைகளையும் ஏற்பாடு செய்துவிட்டு, அந்தப் பெண்களையும் கண்மாய்க்கரைக்கு அனுப்புங்கள். வரும் முகாமுக்கு அவர்களையும் அழைத்துவரச் சொல்லிப் பள்ளியிடம் கேட்டிருக்கிறேன். பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது.