கோல் அடித்தால் நம்ம பொடியன், கால் உடைந்தால்?



பைனல் முடிந்ததிலிருந்து ஊர் வட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் அந்தப் பொடியனின் படம்தான். மாஷா அல்லாஹ். அதே குரூப்பில் அடுத்த நாளே ஒருவர் கேட்கிறார்: "கல்யாணம் முடிச்சு பிள்ளையும் கிடைச்ச பிறகு இவனுக்கு என்ன பந்து?" முதல்நாள் கைதட்டியவர்களே அதற்கும் லைக் போடுகிறார்கள்.

அவர் என்னிடம் படித்தவர். சுபஹுக்குப் பிறகு கிரவுண்ட். எட்டரைக்கு எச்.என்.டி. வகுப்பு. வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பகல் இரண்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறார். வீட்டில் ஏழு மாதக் குழந்தை. அது தூங்கிய பிறகுதான் புத்தகம்.

மனைவி பிள்ளையின் ஹக்கைப் பற்றி அவருக்கு உபதேசம் செய்பவர்களே, அந்த ஹக்கைத் தின்பது பந்தா? வெளியூர் மேட்ச் என்றால் அன்றைய சம்பளம் வெட்டு. பஸ் காசும் அவருடையதே. கிளப் கொடுப்பது ஒரு ஜேர்சியும் ஒரு புரியாணிப் பார்சலும். அந்த ஜேர்சியின் நெஞ்சில் பெரிய எழுத்தில் இருப்பது அவர் மூட்டை தூக்கும் அதே கடையின் பெயர்! இரண்டு வருடமாக அவருக்கு ஈ.பி.எஃப். இல்லை. "அவன் கெசுவல்தானே" என்கிறார் முதலாளி. கெசுவல் என்றாலும் நாட்கூலி என்றாலும் சட்டம் ஒன்றுதான் ஹாஜியார். சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, உங்கள் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும். ஈ.டி.எஃப். 3 வீதம் அதற்கு மேல். ஸ்பொன்சர் எல்லாம் அதற்குப் பிறகு.

"நெஷனல் டீமுக்கா போகப் போறான்?" என்று சிலர். போகாவிட்டால் என்ன? 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் நாட்டுச் சம்மேளனத்தைத் தடைசெய்து ஆகஸ்ட் வரை வைத்திருந்தது. நெஷனல் டீமில் இருந்தவர்களுக்கே அந்த மாதங்களில் சர்வதேச மேட்ச் இல்லை. பந்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் படிக்கிறார். படிப்பை விட்டுவிட்டு கட்டாருக்குப் போகச் சொல்லும் பெரியவர்களே, ஒரு வருடம்தான் மிச்சம். அதுவரை வாயைக் கொஞ்சம் மூடுங்கள்.

கிளப் நிர்வாகத்துக்கு: போன வருடம் முழங்கால் லிகமென்ட் அறுந்த பிள்ளை இன்று பென்டேஜ் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஓடுகிறான். அவனுக்காக ஒரு சதம் சேர்த்தீர்களா? இந்த முறை கிண்ணத்தின் உயரத்தை ஒரு அடி குறையுங்கள். டீ-சேர்ட், பெனர், பிரதம அதிதிக்குப் பொன்னாடை எல்லாவற்றையும் குறையுங்கள். மிச்சக் காசில் காயத்துக்கு ஒரு நிதி, மேட்ச் நாளில் வெட்டுப்படும் சம்பளம், பஸ் காசு. செமஸ்டர் பரீட்சை வாரத்தில் மேட்ச் போடவேண்டாம். டைம்டேபிளை நான் வாங்கித் தருகிறேன்.

ஞாயிறு இஷாவுக்குப் பிறகு கிளப் கூட்டம். நான் வருவேன். ஹாஜியாரும் வரட்டும், ஈ.பி.எஃப். ஃபோர்மோடு.