ஆடி மர்ஃபி - மெடல் கொடுத்தார்கள், தூக்கம்?

ஒரே ஆள் ஒரு படையையே எதிர்த்து நின்று ஜெயிப்பதெல்லாம் சினிமாவில் தான் நடக்கும் என்று கிண்டல் அடிப்போம். ஆடி மர்ஃபி என்ற அமெரிக்கச் சிப்பாயின் வாழ்க்கையில் அது நிஜமாகவே நடந்தது. பிறகு அதையே சினிமாவாக எடுத்து, அவரையே அதில் நடிக்கவும் வைத்தார்கள். இந்த இரண்டாவது விஷயம் தான் கொஞ்சம் உறுத்துகிறது.

டெக்சாஸில் 1925-ல் பிறந்தவர். அடுத்தவர் நிலத்தில் பங்குக்குப் பயிர் செய்த ஏழைக் குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகள். அப்பா வீட்டை விட்டே போய்விட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, பருத்தி பறிக்கும் வேலைக்குப் போனார் மர்ஃபி. வீட்டில் கறி வேண்டுமென்றால் துப்பாக்கியோடு போய் முயலோ அணிலோ சுட்டுக்கொண்டு வர வேண்டும். குறி தப்பினால் சாப்பாடு இல்லை! 1941-ல் அம்மாவும் இறந்துபோனார். அடுத்த வருஷம், வயதைக் கூட்டிக் காட்டி, அக்கா கொடுத்த சான்றோடு ராணுவத்தில் சேர்ந்தார். (மரைன் படை "ஆள் ரொம்ப ஒல்லி" என்று ஏற்கனவே திருப்பி அனுப்பியிருந்தது.)

1943-ல் சிசிலி, பிறகு இத்தாலி, 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸ். பிரான்ஸில் இறங்கிய முதல் நாளே நெருங்கிய நண்பன் லாட்டி டிப்டன் செத்துப்போனான். சரணடைவது போல ஜெர்மானியர்கள் நடித்ததை நம்பி எழுந்து நின்றவனைச் சுட்டுவிட்டார்கள்.

1945 ஜனவரி 26. ஹோல்ட்ஸ்விர் என்ற கிராமத்துப் பக்கம், பனி கொட்டிக் கிடந்த காடு. ஆறு டாங்கிகள், சுமார் 250 காலாட்படையினர் எதிரே வருகிறார்கள். மர்ஃபிக்கு வயது 19. தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, கையில் டெலிபோனோடு அவர் மட்டும் அங்கேயே நின்றார். எங்கே குண்டு போட வேண்டும் என்று பின்னால் இருந்த பீரங்கிப் படைக்குச் சொல்லிக்கொண்டே, பக்கத்தில் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த ஒரு கவச வண்டியின் மேல் ஏறி, அதிலிருந்த மெஷின் கன்னால் சுட ஆரம்பித்தார். அந்த வண்டி எந்த நிமிஷமும் வெடித்திருக்கலாம். காலில் காயம் பட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே தாக்குப்பிடித்தார். எதிரிகளில் சுமார் ஐம்பது பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். இதற்குத் தான் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

போர் முடிந்தது. லைஃப் பத்திரிகை அட்டையில் சிரித்த முகமாகப் போட்டார்கள். அதைப் பார்த்து நடிகர் ஜேம்ஸ் காக்னி ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் கௌபாய் படங்கள். 1955-ல் அவருடைய சுயசரிதையான 'டு ஹெல் அண்ட் பேக்' படமானது. வேறு நடிகரைப் போடுங்கள் என்று முதலில் தயங்கியவர், கடைசியில் தானே நடித்தார். நண்பன் சாகும் காட்சியும் அதில் உண்டு. யோசித்துப் பாருங்கள்... வாழ்க்கையிலேயே மோசமான அந்த நாளை காமிரா முன்னால் டேக் டேக்காக மறுபடி செய்ய வேண்டும். படமோ சூப்பர் ஹிட். யுனிவர்சல் கம்பெனிக்கு நல்ல வசூல்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர் தூங்கவில்லை. தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருந்தால் தான் படுக்கவே முடியும். முதல் மனைவி, நடிகை வாண்டா ஹெண்ட்ரிக்ஸ், அவர் ஒரு தடவை தன்னை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் சீக்கிரமே முறிந்தது. 'பாவம், போர் பாதிப்பு' என்று சொல்லி இதை மன்னித்துவிட முடியாது. அந்தப் பெண் எந்தப் போருக்கும் போகவில்லை. ஆனால் போர் அவர் வீட்டுப் படுக்கையறைக்கே வந்துவிட்டது. சிப்பாயைக் கவனிக்காமல் விட்டால் விலை கொடுப்பது சிப்பாய் மட்டும் அல்ல.

சூதாட்டத்தில் பணம் கரைந்தது, 1968-ல் திவால். "இது அவருடைய குணம், போர் மேல் பழி போடக் கூடாது" என்று சிலர் சொல்லலாம். அதே போரில் இருந்து வந்து அமைதியாக வாழ்ந்தவர்களும் உண்டு தானே? உண்டு தான். ஆனால் பத்தொன்பது வயதில் இவ்வளவு சாவைப் பார்த்த ஒருவரை அணிவகுப்பு நடத்தி, கை குலுக்கி, "சரி, இனி நீ சாதாரண ஆள், போய் வா" என்று அனுப்பியது யார் குணம்? ராணுவ நாய்களைக் கூடப் பழக்கி ஊருக்கு அனுப்பினார்கள், எங்களை அப்படியே விட்டுவிட்டார்கள் என்கிற மாதிரி மர்ஃபியே கசப்போடு சொல்லியிருக்கிறார்.

அவர் செய்த இரண்டாவது வீரச்செயல் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்று தெரிந்ததும், ஒரு ஹோட்டல் ரூமில் தன்னைத் தானே ஒரு வாரம் பூட்டிக்கொண்டு அந்தப் பழக்கத்தை விட்டார். அதோடு நிற்காமல், போர் மனதை என்ன செய்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். கொரியா, வியட்நாம் போர்களில் இருந்து திரும்புபவர்களுக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்று கேட்டார். 'ஹீரோ' என்று பெயர் எடுத்தவர் அந்தக் காலத்தில் இப்படிப் பேசுவது சாதாரணம் இல்லை. இந்த நோய்க்கு இன்றைய பெயர் மருத்துவப் புத்தகத்தில் ஏறியதே 1980-ல் தான்.

1971 மே 28 அன்று வர்ஜீனியாவில் அவர் போன சிறு விமானம் மலையில் மோதியது. வயது 45. ஆர்லிங்டன் கல்லறையில் மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர்களின் கல்லில் தங்க எழுத்து இருக்கும். அவர் கல்லில் இல்லை. சாதாரணமாக இருந்தால் போதும் என்றது அவர் விருப்பம். சான் அன்டோனியோவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது மனைவி பமேலாவுக்கு மிஞ்சியது இரண்டு மகன்களும் கடனும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இன்னொரு முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். காத்துக் கிடக்கும் வயதான சிப்பாய்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், 'இவரை இப்பவே பாருங்கள்' என்று நிற்பாராம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தார்.