அசலைக் காக்கும் நகல்

பழைய வீட்டைப் பாதுகாப்பது செலவு மிகுந்த வேலை. கூரை ஒழுகும், மரத்தைக் கறையான் அரிக்கும், சுண்ணாம்புப் பூச்சு உதிரும். ஒருமுறை பழுதுபார்த்தால் போதாது. சில ஆண்டுகளில் மீண்டும் தொடங்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தையும் நன்கொடையையும் மட்டுமே நம்பியிருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ல்ஸ்டன் நகரத்தார் வேறொரு வழியையும் கண்டார்கள். அது நல்ல வழி என்பதே என் கருத்து.

பழைய கட்டடங்கள் நிறைந்த பகுதியைக் காக்க, அமெரிக்காவிலேயே முதன்முதலாக 1931இல் விதிமுறை இயற்றிய நகரம் சார்ல்ஸ்டன். 1947இல் அங்கே வரலாற்றுச் சார்ல்ஸ்டன் அறக்கட்டளை தோன்றியது. 1808இல் கட்டி முடிக்கப்பட்ட நத்தானியல் ரசல் இல்லத்தை அது 1955இல் வாங்கியது. அந்த இல்லத்தின் மாடிப்படி, சுவரைத் தொடாமல் சுழன்று சுழன்று மூன்று தளங்களுக்கு ஏறுகிறது. இத்தகைய வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா?

1970களில் அறக்கட்டளை தன் நகல் திட்டத்தைத் தொடங்கியது. பழைய கட்டில், மேசை, பீங்கான் தட்டு போன்றவற்றைப் பார்த்து, அதே அமைப்பில் புதியவை செய்ய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்படும். விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கு உரிமத்தொகையாக அறக்கட்டளைக்கு வந்து சேரும்.

“நகல் என்றால் போலிதானே?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. போலிப்பொருள் தன்னைப் பழையது என்று சொல்லி ஏமாற்றும். உரிமம் பெற்ற நகலோ, தான் நகல் என்பதை மறைப்பதில்லை. மேலும், 1920களில் சார்ல்ஸ்டனில் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகள் கழற்றப்பட்டு, வெளியூர் அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்கப்பட்டன. அழகை விரும்பியவர்களே வீட்டை வெறுமையாக்கினார்கள்! நகல் கிடைக்குமானால், அந்த ஆசையில் ஒரு பகுதியாவது அசலை விட்டு விலகும்.

ஆயினும், எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சார்ல்ஸ்டனின் புகழ்பெற்ற அறைகலன்களுள் ஒன்று நெற்கதிர்க் கட்டில். அதன் உயர்ந்த கால்களில் நெற்கதிர்கள் செதுக்கப்பட்டிருக்கும். சோறு உண்ணும் நமக்கு அந்த வேலைப்பாடு உடனே பிடித்துவிடும். ஆனால், அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழித்தோன்றல்களும்தாம். அவர்களுள் பலர், மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சேற்றிலும் கொசுக்கடியிலும் அவர்கள் பாடுபட்டார்கள். செல்வம் முதலாளிகளின் மாளிகைகளுக்குப் போனது. நத்தானியல் ரசலும் அடிமை வணிகத்தில் ஈடுபட்டவரே. கட்டிலின் அழகை மட்டும் விற்று, கதையை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான். இத்தகைய நகலோடு வரும் அட்டையில், மரத்தின் பெயருக்கும் விலைக்கும் அருகில் அந்த உழைப்பாளிகளைப் பற்றி நான்கு வரிகள் இருந்தே தீர வேண்டும். அதனால் வாங்குபவர் குறைந்தால் குறையட்டும்.

நம் பக்கத்திலும் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குள்ள பழைய கடைவீடுகளின் பூ ஓடுகள் எத்தனை அழகு! அந்தப் பூக்கள் இன்று கைப்பைகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் பூக்கின்றன. அவற்றை வாங்குவது தவறில்லை. ஆனால், பணத்தை நீட்டும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேட்கலாம்: “இந்தப் பூ எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது? நான் கொடுக்கும் பணத்தில் அந்த வீட்டுக்கு ஏதேனும் போகிறதா?”